வாடகை வீட்டுக்குள் வீட்டுக்காரர் எப்போது வரலாம்?

“என் வீட்டுக்குள் போக நான் யாரைக் கேட்க வேண்டும்?” என்பார் வீட்டுக்காரர். “மாதாமாதம் வாடகை கொடுக்கிறேன், என் வீட்டுக்குள் இவர் எப்படி நுழையலாம்?” என்பார் குடியிருப்பவர். இருவரும் ‘என் வீடு’ என்றுதான் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். ஒருவருக்கு அது சொத்து, இன்னொருவருக்கு அது குடியிருப்பு. இந்த இரண்டும் வேறு வேறு என்பது புரிந்துவிட்டால், மற்ற விதிகள் பெரும்பாலும் தானாகவே பிடிபட்டுவிடும். அது புரியாவிட்டால், எத்தனை சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தாலும் வாசலில் நின்று சண்டை போடத்தான் வேண்டியிருக்கும்.

சொத்து ஒருவருக்கு, சுவாதீனம் இன்னொருவருக்கு

ஒரு வீட்டை வாடகைக்கு விடும்போது உண்மையில் என்ன கைமாறுகிறது? பத்திரம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. வீட்டை அவர் விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். இதில் எதுவும் மாறவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டார்: அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமை. பத்திரம் எழுதுபவர்கள் சுவாதீனம் என்று எழுதுவது இதைத்தான். இந்தியாவின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, தன் 105-ஆவது பிரிவில் குத்தகை என்பதை ஏறக்குறைய இப்படித்தான் வரையறுக்கிறது: அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை, ஒரு தொகைக்காகவோ வாடகைக்காகவோ, இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது. மாற்றிக் கொடுத்த உரிமையை, கொடுத்தவரே நினைத்த நேரத்தில் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. அப்படி முடியும் என்றால், வாடகை எதற்கு வாங்குகிறார் என்ற கேள்வி வரும்.

வீட்டை அனுபவிப்பது என்றால் அதில் தூங்குவதும் சமைப்பதும் மட்டும் இல்லை. யாரை உள்ளே விடுவது, யாரை வாசலோடு அனுப்புவது என்று முடிவு செய்வதும் அதில் சேரும். அந்த ‘யார்’ என்பதில் உறவினர், நண்பர், விற்பனையாளர் எல்லோரும் வருவார்கள். வீட்டுக்காரரும் வருவார்.

இதைக் குற்றவியல் சட்டமும் கவனித்து வைத்திருக்கிறது. இந்தியாவில் அத்துமீறி நுழைதல் என்ற குற்றத்தின் வரையறை, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 441-ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவில் இருக்கிறது. அந்த வரையறை ‘பிறருக்குச் சொந்தமான சொத்து’ என்று தொடங்கவில்லை. ‘பிறர் சுவாதீனத்தில் உள்ள சொத்து’ என்றுதான் சொல்கிறது. அங்கே இருப்பவரை மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொல்லைப்படுத்தவோ, வேறு குற்றம் செய்யவோ நோக்கம் கொண்டு நுழைந்தால் அது குற்றம். முறையாக உள்ளே வந்துவிட்டு, அதே நோக்கத்தோடு வெளியே போக மறுத்து நின்றாலும் குற்றம்தான். பத்திரத்தில் பெயர் இருக்கிறது என்பது மட்டும் இதற்குப் பதில் ஆகாது. அதே சமயம், நோக்கம் என்ற ஒன்று தேவைப்படுவதால், குழாயைப் பார்க்கச் சொல்லாமல் வந்துவிட்ட ஒவ்வொரு வீட்டுக்காரரும் குற்றவாளி ஆகிவிட மாட்டார். காவல் நிலையத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் 1961-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இந்த இடத்துக்குப் பொருத்தமானது. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு வீட்டுக்காரர், தன் வீட்டில் குடியிருப்பவர்களைத் தேவாலயத்துக்கு அழைக்கலாம் என்று போனார். வீட்டில் யாரும் இல்லை. உள்ளிருந்து சாராய ஊறல் வாடை வந்தது. போலீசைக் கூப்பிட்டார். போலீசாரும், வாரண்ட் எதுவும் இல்லாமல், வீட்டுக்காரரின் சம்மதத்தை நம்பி ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினார்கள். உள்ளே சாராயம் காய்ச்சும் சாதனங்களும் நிறைய ஊறலும் இருந்தன. சாப்மன் எதிர் அமெரிக்கா என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் சொன்னது, அந்தச் சோதனை செல்லாது என்று. குடியிருப்பவரின் வீட்டைச் சோதனை போட வீட்டுக்காரர் சம்மதம் கொடுக்க முடியாது. உள்ளே நடந்தது சட்டவிரோதம் என்று தெரிந்த பிறகும் இதுதான் தீர்ப்பு. தன்னிடம் இல்லாத உரிமையை அவர் போலீசுக்கு எப்படிக் கொடுக்க முடியும்?

தொந்தரவு இல்லாமல் இருக்கும் உரிமை

ஒப்பந்தத்தில் எழுதவே இல்லை என்றாலும், வாடகை ஒப்பந்தம் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வாக்குறுதி இருப்பதாகப் பல நாட்டுச் சட்டங்கள் எடுத்துக்கொள்கின்றன. வாடகையை ஒழுங்காகக் கொடுத்து, நிபந்தனைகளை மீறாமல் இருக்கும்வரை, குடியிருப்பவர் இடையூறு இல்லாமல் அங்கே இருக்கலாம் என்பதுதான் அது. மேலே சொன்ன 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவில் இது வீட்டுக்காரரின் கடமையாகவே இருக்கிறது. ஆங்கிலேயச் சட்டத்தில் இது இன்னும் பழைய சங்கதி.

இடையூறு என்றால் உள்ளே நுழைவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1942-இல் ஒரு வீட்டுக்காரர், குடியிருப்பவரைக் கிளப்புவதற்காகக் கதவுகளையும் ஜன்னல்களையும் கழற்றிக்கொண்டு போனார். 1953-இல் தீர்ப்பான இன்னொரு வழக்கில் வீட்டுக்காரர் எரிவாயுவையும் மின்சாரத்தையும் துண்டித்தார். 1963-இல் வெளியான மற்றொரு தீர்ப்பில், வீட்டுக்காரர் செய்தது மிரட்டல் கடிதங்கள் எழுதியதும், திரும்பத் திரும்பக் கதவைத் தட்டிக் கத்தியதும்தான். உள்ளே ஒரு அடிகூட வைக்கவில்லை. மூன்றிலும் குடியிருப்பவரின் அமைதி குலைக்கப்பட்டது என்றே நீதிமன்றங்கள் முடிவு செய்தன.

இங்கே ஒரு சிறு திருத்தம். “தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே” என்று வாடகைத் தகராறுகளில் சிலர் வாதாடுவது உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட இந்திய உச்ச நீதிமன்ற அமர்வு அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசுக்கு எதிரானவை. வீட்டுக்காரர் சொல்லாமல் உள்ளே வந்ததற்கு உங்களுக்கு நேரடியாகக் கைகொடுப்பது வாடகைச் சட்டமும், சொத்துரிமைச் சட்டமும், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும்தான். பெரிய தீர்ப்பைக் காட்டிப் பேசுவதைவிட ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைக் காட்டிப் பேசுவது வேலைக்கு ஆகும்.

வீட்டுக்காரருக்கும் காரணம் இருக்கிறது

சரி, அப்படியென்றால் வீட்டுக்காரர் வரவே கூடாதா? அதுவும் இல்லை. சுவரில் ஈரம் ஊறினால், கம்பி துருப்பிடித்தால், கழிவுநீர்க் குழாய் உடைந்தால் பழுது பார்க்க வேண்டியவர் அவர்தான். பல நாடுகளில் அது அவருடைய சட்டப்படியான கடமை. பார்க்காமல் பழுது பார்க்க முடியாது. ஆகவே சட்டம் குடியிருப்பவர் மீதும் ஒரு கடமையை வைக்கிறது. நாம் பார்த்த 108-ஆவது பிரிவே, நியாயமான நேரங்களில் உரிமையாளரோ அவர் அனுப்பும் ஆளோ வந்து வீட்டின் நிலையைப் பார்க்க விட வேண்டும் என்கிறது. பார்த்துவிட்டுக் குறையைச் சுட்டிக்காட்டி அவர் நோட்டீஸ் கொடுக்கலாம். அந்தக் குறை குடியிருப்பவரால் வந்தது என்றால் 3 மாதத்துக்குள் அவர் சரிசெய்து கொடுக்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு சொற்கள் மாறினாலும், வீட்டுக்காரர் வரக்கூடிய காரணங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழுது பார்ப்பது. வீடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. வீட்டை விற்கப்போகிறார் அல்லது குடியிருப்பவர் காலி செய்யப்போகிறார் என்றால், வாங்க வருபவருக்கோ புதிதாகக் குடிவர நினைப்பவருக்கோ காட்டுவது. ஒப்பந்தத்தில் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட வேறு ஏதாவது நியாயமான வேலை. கடைசியாக, ஆபத்து. இந்த ஐந்துக்கும் வெளியே, குடியிருப்பவர் மனதார “வாங்க” என்று சொன்னால் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்குச் சட்டம் தேவையில்லை.

பட்டியலில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். “சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்” இல்லை. “வாடகை பாக்கி இருக்கே” இல்லை. “யாரோ புதுசா வந்து தங்கியிருக்கிற மாதிரி தெரிஞ்சுது” இல்லை. வாடகை பாக்கி என்றால் அதைக் கேட்க வழி இருக்கிறது, நோட்டீஸ் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. படுக்கையறை வரை வந்து கேட்பது அந்த வழிகளில் ஒன்று கிடையாது.

எவ்வளவு நேரம் முன்னால் சொல்ல வேண்டும்?

உலகம் முழுக்க அதிகமாகக் காணப்படும் எண் 24 மணி நேரம். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டு வீட்டுக்காரர், குடியிருப்பவர் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, பழுது இருக்கிறதா என்று பார்க்க வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. வருவதும் நியாயமான பகல் நேரமாக இருக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 மணி நேரம் முன்னதாகக் கொடுக்கும் எழுத்து நோட்டீசில் காரணம், நாள், நேரம் மூன்றும் இருக்க வேண்டும், அந்த நேரம் காலை 8-க்கும் இரவு 8-க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 24 மணி நேரம் போதுமானது என்று கருதப்படும், ஆனால் நோட்டீசைத் தபாலில் அனுப்பினால் 6 நாள். ஸ்காட்லாந்தின் தனியார் வாடகைக் குடியிருப்புகளில் 48 மணி நேரம். நியூசிலாந்தில் வீட்டைப் பார்வையிட 48 மணி நேரம், பழுது பார்க்க 24 மணி நேரம். பார்வையிடுவது 4 வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பார்வையிட 7 நாள் நோட்டீஸ், அதுவும் ஆண்டுக்கு 4 முறைக்கு மேல் கிடையாது.

இந்தியாவில் ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டமும் இதே 24 மணி நேரத்தைத்தான் சொல்கிறது. எழுத்திலோ மின்னணு வழியிலோ தெரிவிக்கலாம், காரணம், நாள், நேரம் குறிப்பிட வேண்டும், சூரியன் உதிப்பதற்கு முன்னும் மறைந்த பின்னும் வரக் கூடாது. மாதிரிச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு எச்சரிக்கை இருக்கிறது: ஒரு மாநிலம் அதை ஏற்றுத் தன் சட்டமாக இயற்றினால்தான் அங்கே செல்லும். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 2017-ஆம் ஆண்டு இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டம் இருக்கிறது. அதிலும் 24 மணி நேர எழுத்து நோட்டீஸ் என்பதே விதி.

உங்கள் ஊர்ச் சட்டம் எதுவும் சொல்லவில்லை என்றால்? பழைய ‘நியாயமான நேரம்’ என்ற அளவுகோல்தான் மிஞ்சும். அதனால்தான் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது பெரிய உதவி. “அவசர நிலை தவிர, குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகக் குறுஞ்செய்தியில் தெரிவித்து, குடியிருப்பவர் ஒத்துக்கொண்ட நேரத்தில் மட்டும்” என்று ஒரு வரி. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு இதைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். கொடுத்த பிறகு கேட்டால் முகம் மாறும்.

ஒழுங்கான அறிவிப்பு எப்படி இருக்கும்? “குளியலறைக் குழாய் ஒழுகுவதாகச் சொல்லியிருந்தீர்கள். பிளம்பரை அழைத்துக்கொண்டு நாளை மறுநாள் காலை 10-லிருந்து 11-க்குள் வருகிறேன். அந்த நேரம் உங்களுக்குச் சரிப்படாவிட்டால் வேறு நேரம் சொல்லுங்கள்.” அவ்வளவுதான். யார் வருகிறார், எதற்கு வருகிறார், எப்போது வருகிறார் மூன்றும் இருக்கின்றன. “இந்த வாரத்தில் ஒரு நாள் வருவேன்” என்பது அறிவிப்பே இல்லை. அது குடியிருப்பவரை ஏழு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கச் செய்யும்.

புதியவர்கள் குழம்பும் ஒரு இடம் இது: நோட்டீஸ் கொடுத்துவிட்டாலே கதவைத் திறந்துகொண்டு போகலாமா? நோட்டீஸ் என்பது வீட்டுக்காரர் வரக் கேட்கும் உரிமையை முறைப்படுத்துகிறது. குடியிருப்பவர் வாசலில் நின்று “இன்று வேண்டாம்” என்று சொன்னால், அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போகும் அனுமதியாக அது மாறிவிடாது. காரணமே இல்லாமல் குடியிருப்பவர் திரும்பத் திரும்ப மறுத்தால், தவறு இப்போது அவர் பக்கம் வந்துவிடும். அதைத் தீர்க்க வேண்டிய இடம் நீதிமன்றமோ வாடகை ஆணையமோதான். ஒன்டாரியோ போன்ற இடங்களில், குடியிருப்பவர் வீட்டில் இல்லாவிட்டாலும் முறையான நோட்டீஸ் இருந்தால் வீட்டுக்காரர் சாவி போட்டு உள்ளே போகலாம் என்பதும் உண்டு. ஆகவே “நான் இல்லாதபோது வராதீர்கள்” என்பது உங்களுக்கு முக்கியம் என்றால், நோட்டீஸ் வந்தவுடனே பதில் எழுதி நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அவசரம் என்றால் எது அவசரம்?

நோட்டீஸ் கேட்கும் சட்டங்கள் பலவற்றில் இதற்கு விலக்கு உண்டு. இந்திய மாதிரிச் சட்டம் போர், வெள்ளம், தீ, புயல், நிலநடுக்கம் போன்றவற்றை எடுத்துச் சொல்கிறது. அன்றாட வாழ்க்கையில் வருவது சின்னச் சின்ன அவசரங்கள். மேல்மாடி வீட்டின் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் படிக்கட்டில் வழிகிறது, போன் எடுக்கவில்லை. உள்ளே எரிவாயு வாடை. புகை. தனியாக இருக்கும் முதியவர் இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை, உள்ளிருந்து முனகல் சத்தம். இவற்றில் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது பைத்தியக்காரத்தனம்.

ஒரு சோதனைக் கேள்வி வைத்துக்கொள்ளலாம்: நாளைக்கு வந்தால் என்ன கெட்டுவிடும்? உயிரோ, வீடோ, பக்கத்து வீடோ கெடும் என்றால் அவசரம். புதுப் பிளம்பர் இன்றைக்குத்தான் கிடைத்தார் என்றால் அது அவசரம் இல்லை. புரோக்கர் திடீரென்று வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார் என்றால் அதுவும் இல்லை. அவசரத்தில் நுழைந்தவர், முடிந்தவுடன் குடியிருப்பவருக்கு உடனே தெரிவிப்பதும், என்ன செய்தார், யார் உடன் இருந்தார்கள் என்று சொல்வதும் முறை. பிறகு ஏதாவது காணாமல் போனால் அந்த ஒரு செய்திதான் அவரையும் காப்பாற்றும்.

உள்ளே வந்த பிறகு

நோட்டீஸ், நேரம் எல்லாம் சரியாக இருந்தும் தகராறு வருவது இந்தக் கட்டத்தில்தான். எதற்காக வந்தாரோ, அந்த அளவுக்குத்தான் உள்ளே நடமாடலாம். சமையலறைக் குழாயைப் பார்க்க வந்தவருக்குப் படுக்கையறை அலமாரியில் வேலை இல்லை.

ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2014 ஜூன் 4 அன்று தீர்ப்பு சொன்ன ஒரு வழக்கு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. புதிதாகப் பொருத்திய புகை எச்சரிக்கைக் கருவிகளைப் பார்க்க வீட்டுக்கார அம்மாள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வருகிறார். குடியிருப்பவரும் விடுகிறார். வந்தவர், சந்தர்ப்பம் கிடைத்ததே என்று முழு வீட்டையும் சுற்றிப் பார்க்கத் தொடங்குகிறார். கருவியே இல்லாத அறைகளின் கதவைத் திறக்கிறார். ஜன்னல் திட்டில் இருந்த பொருள்களை எடுத்து அகற்றிவிட்டு ஜன்னலைத் திறக்கிறார். போகச் சொன்னால் போகவில்லை. கடைசியில் குடியிருப்பவர் அவரை இரண்டு கைகளாலும் கட்டித் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே இறக்கிவிட்டார். என்னைத் தூக்கி வெளியே விட்டவன் என் வீட்டில் இருக்கக் கூடாது என்று அம்மாள் வெளியேறும் நோட்டீஸ் கொடுத்தார். அந்த நோட்டீஸ் செல்லாது என்றது நீதிமன்றம். குறிப்பிட்ட காரணம் இல்லாமல் அவ்வப்போது வீட்டைச் சுற்றிப் பார்க்கும் உரிமை வீட்டுக்காரருக்குக் கிடையாது, அப்படி ஒரு உரிமையை அச்சடித்த ஒப்பந்தத்தில் சேர்த்து வைத்தாலும் செல்லாது என்றும் சொன்னது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுக்காரரைத் தூக்க வேண்டாம். குடியிருப்பவர் செய்தது வரம்பு மீறியதாக இருக்கலாம் என்றாலும், முதலில் வரம்பு மீறியவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் அந்தத் தீர்ப்பு வந்தது.

படம் எடுப்பதும் இப்போது தனித் தலைவலி. விரிசலைப் படம் எடுப்பதில் தப்பில்லை. விளம்பரத்துக்காக வீட்டைப் படம் எடுக்கும்போது, சுவரில் மாட்டிய குடும்பப் படமும், மேசையில் கிடக்கும் மருந்துச் சீட்டும் சேர்ந்து விழுந்தால் அது வேறு விஷயம். கேட்டுவிட்டு எடுங்கள் என்று சொல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

“எப்போது வேண்டுமானாலும் வரலாம்” என்று எழுதியிருந்தால்?

சிலருடைய ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருக்கும். கையெழுத்தும் போட்டிருப்பார்கள். சட்டம் குறைந்தபட்ச நோட்டீஸ் வைத்திருக்கும் இடங்களில், பெரும்பாலும் அந்த வரியைவிடச் சட்டமே மேல். இன்னும் சிலர் ‘வாடகை’ என்ற சொல்லையே தவிர்த்து, தங்க ‘அனுமதி’ கொடுத்திருப்பதாக எழுதிக்கொள்வார்கள். அனுமதி என்றால் சுவாதீனம் மாறவில்லை, ஆகவே எப்போதும் வரலாம் என்பது கணக்கு.

நீதிமன்றங்கள் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 1959-இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில், தாளில் என்ன பெயர் என்பதைவிட உண்மையில் என்ன கைமாறியது என்பதே முக்கியம் என்று சொன்னது. அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1985-இல் ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்டு வழக்கில் இதையே இன்னும் நறுக்கென்று சொன்னது. மண்ணைக் கிளற ஐந்து பற்கள் வைத்து ஒரு கருவியைச் செய்துவிட்டு, நான் செய்தது மண்வெட்டி என்று செய்தவர் எத்தனை முறை சொன்னாலும் அது முட்கருவிதான் என்றார் நீதிபதி டெம்பிள்மேன். இன்னொரு ஆங்கிலேய வழக்கில், தினமும் காலை 10.30-லிருந்து 12 மணி வரை அறையில் இருக்கக் கூடாது என்றே எழுதி வைத்திருந்தார்கள். அது வெறும் பாசாங்கு என்று நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது.

ஆனால் எல்லா ஏற்பாடும் வாடகை ஆகிவிடாது. ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே ஒரு அறையை உங்களுக்குக் கொடுத்து, தினமும் வந்து பெருக்கி, விரிப்பு மாற்றி, சாப்பாடும் போடுகிறது என்றால், அந்த வேலைகளுக்காக அவர்கள் அறைக்குள் வந்து போவது ஏற்பாட்டின் ஒரு பகுதி. விடுதியும் அப்படித்தான். அங்கே தங்குபவருக்கு மரியாதைக்கு உரிமை உண்டு, ஆனால் தனி வீட்டில் குடியிருப்பவருக்கு உள்ள அளவு கதவின் மேல் அதிகாரம் கிடையாது. பல பேர் அறை அறையாக வாடகைக்கு எடுத்த வீட்டில், கூடமும் சமையலறையும் பொது. ஒவ்வொருவர் அறைக் கதவுக்கு உள்ளே அவரவர் சுவாதீனம்.

சாவியும் கேமராவும்

மாற்றுச் சாவி வீட்டுக்காரரிடம் இருப்பதில் தவறில்லை. அவசரத்துக்கு அது வேண்டும். சாவி இருப்பது வேறு, அதைப் போட்டுத் திறக்கும் உரிமை வேறு. பூட்டை நீங்களாகவே மாற்றலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும்: ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் குடியிருப்பவர் பூட்டை மாற்றக் கூடாது, வீட்டுக்காரர் மாற்றினால் புதுச் சாவியைக் குடியிருப்பவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஒப்பந்தம் தடுக்கவில்லை என்றாலும் முதலில் எழுதிக் கேட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாளுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

கேமரா விஷயத்தில் கோடு தெளிவு. பொது வாசல், படிக்கட்டு, வண்டி நிறுத்தும் இடம் இவற்றில் பாதுகாப்புக்காக வைக்கலாம், அங்கே வைத்திருப்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். வீட்டுக்குள்ளேயோ, ஜன்னல் வழியாக உள்ளே தெரியும்படியோ வைத்தால் அது உள்ளே நுழைவதைவிட மோசம். ஒரு முறை வந்து போவதற்குப் பதில் எப்போதும் உள்ளேயே இருப்பது. இந்தியாவில், பெண்ணின் அந்தரங்கச் செயலை அவர் சம்மதமின்றிப் பார்ப்பதும் படம் பிடிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின் கீழ் தனிக் குற்றம்.

மீறினால் என்ன செய்வது?

முதல் முறை என்றால், எழுதுங்கள். சண்டைக் கடிதம் தேவையில்லை. “நேற்று மாலை நான் இல்லாத நேரத்தில் வந்திருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டு வாருங்கள், நான் இருந்து காட்டுகிறேன்” என்று ஒரு செய்தி. பாதிப் பேர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். தப்பு என்றே தெரியாமல் வந்தவர்கள்தான் அதிகம். அப்புறம், இந்தச் செய்திக்குத் தேதி இருக்கிறது. பிறகு வழக்கு என்று வந்தால், வாய்ப்பேச்சு எதுவும் நிற்காது, இது நிற்கும்.

தொடர்ந்தால், ஒவ்வொரு வருகையையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். எழுத்தில் எச்சரிக்கை, பிறகு உங்கள் ஊரில் எந்த அமைப்பு இருக்கிறதோ அங்கே புகார். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாடகை ஆணையம் இருக்கிறது. ஒப்பந்தத்தை அங்கே பதிவு செய்து வைத்திருந்தால் முறையிடுவது எளிது. இங்கிலாந்தில் குடியிருப்பவரைத் தொல்லைப்படுத்துவது 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே. கலிபோர்னியாச் சட்டம், நுழையும் உரிமையைத் தொல்லை கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. அடிக்கடி ‘முறைப்படி’ நோட்டீஸ் கொடுத்து வாரம் மூன்று முறை வருபவருக்கும் இது பொருந்தும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கோபத்தில் வாடகையை நிறுத்துவது. இடையூறு இல்லாமல் இருக்கும் உரிமையே பல சட்டங்களில் வாடகை கொடுப்பதோடு கட்டப்பட்டிருக்கிறது. வாடகையை நிறுத்திய மறுநாள், வழக்கின் தலைப்பு அவர் அத்துமீறியது என்பதிலிருந்து நீங்கள் பாக்கி வைத்தது என்பதற்கு மாறிவிடும்.

காலி செய்யும் மாதம்

எல்லா விதிகளும் அதிகமாக இழுபடும் காலம் இதுதான். காலி செய்வதாகச் சொல்லிவிட்டீர்கள், வீட்டைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்குவார்கள். புதுக் குடித்தனம் கிடைக்காமல் வீடு சும்மா கிடப்பதில் வீட்டுக்காரருக்கு உண்மையான நஷ்டம் இருப்பதால், இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. ஒன்டாரியோவிலேயே, காலி செய்யும் நோட்டீஸ் கொடுத்த பிறகு வீட்டைக் காட்டுவதற்கு 24 மணி நேர எழுத்து நோட்டீஸ் தேவையில்லை. காலை 8-லிருந்து இரவு 8-க்குள், முன்கூட்டியே தெரிவிக்க முயன்றுவிட்டு வரலாம். ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்டுவதைவிட, “சனி, ஞாயிறு மாலை 4-லிருந்து 6 வரை யாரை வேண்டுமானாலும் அழைத்து வாருங்கள், மற்ற நாள் வேண்டாம்” என்று நீங்களே ஒரு நேரத்தைக் கொடுத்துவிட்டால் இருவருக்கும் நிம்மதி. நகை, பணம், கடவுச்சீட்டு போன்றவற்றை அந்த நேரத்தில் பூட்டி வையுங்கள். வருபவர்கள் யாரென்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்டாலும், சாவியைக் கொடுக்கும்வரை சுவாதீனம் உங்களிடம்தான். வீடு காலியாகத்தானே இருக்கிறது என்று அதற்குள் பெயிண்டரை அனுப்பி, பிறகு சுவரில் இருக்கும் கீறல் யாருடையது என்று தகராறு வரும். ஆகவே இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள், மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்று தேதியும் நேரமும் போட்டு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.